கொலைக்கு மறுநாளை எழுதிய நாவல்கள் எவை? (விவாத இழை)

வியாசை வாசகன்:

குற்ற நாவல் என்றாலே நமக்குப் பழகிப்போன கணக்கு ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்தில் பிணம், கடைசி அத்தியாயத்தில் கைவிலங்கு. நடுவில் யார், யார் என்று ஓட வேண்டியது. ஆள் சிக்கியதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

அந்த வகை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நானும் விடிய விடியப் படித்தவன்தான். ஆனால் எங்கள் பக்கம் நடக்கிற கொலையில் யார் செய்தது என்பது மர்மமே கிடையாது. உடலை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் டீக்கடையில் பெயர் சொல்லிவிடுவார்கள். ரெண்டு நாளில் ஏதோ ஒரு வெளியூர் கோர்ட்டில் சரண்டர் என்று பேப்பரில் வரும். தெரியாதது எல்லாம் அதற்கு அப்புறம்தான். செத்தவனின் பொண்டாட்டி அதே வீட்டில் இருப்பாளா, அம்மா வீட்டுக்குப் போய்விடுவாளா? வெட்டியவனின் தங்கச்சிக்குப் பேசி வைத்த வரன் என்ன ஆகும்? எல்லாவற்றையும் பார்த்த மளிகைக்கடைக்காரர் எப்போது ஷட்டரைத் தூக்குவார்? ரெண்டு வீட்டுப் பெண்களும் ஒரே தண்ணி லாரிக்குக் குடத்தோடு வந்து நிற்கும்போது யார் முதலில் பிடிப்பது?

இதை எழுதிய நாவல் எது என்று தேடித்தான் படித்து வருகிறேன். இதுவரைக்கும் என் கணக்கில் முதலிடம் பூமணியின் 'வெக்கை'க்கு. 1982இல் வந்தது. கதை தொடங்கும்போதே வேலை முடிந்துவிட்டது. பதினைந்து வயது சிதம்பரம், அண்ணனைக் கொல்லச் சொன்ன வடக்கூரானின் கையை மட்டும் எடுத்துவிடலாம் என்று போகிறான், ஆளே போய்ச் சேர்ந்துவிடுகிறான். அப்புறம் அப்பாவும் பிள்ளையும் காட்டில் மறைந்து திரிவதுதான் நாவல். சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், இடம் மாறித் தூங்குகிறார்கள். அந்த அப்பா மகனைத் திட்டுவதும் இல்லை, தலையில் தூக்கி வைத்து ஆடுவதும் இல்லை. வேளைக்குச் சோறு கிடைக்கிறதா, படுக்க இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறார். எனக்கு அந்த இடம்தான் வயிற்றைப் பிசைந்தது. கொலை செய்துவிட்டு வந்த பிள்ளைக்கும் பசிக்கும் என்பது எந்தத் துப்பறியும் கதையிலும் எனக்குக் கிடைக்காத செய்தி. 'அசுரன்' பார்த்துவிட்டு நாவலுக்கு வருகிறவர்கள் சண்டையைத் தேடி ஏமாந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு அப்படி அமைந்தது எது? கதைச் சுருக்கம் வேண்டாம், எது உறுத்தியது என்று எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிட்டால் என்ன ஆவது என்று தயங்க வேண்டாம், இங்கே பேச்சே முடிவுக்கு அப்புறம் இருப்பதைப் பற்றித்தான்.

ராயபுரம் பாக்கெட் நாவல்:

அண்ணே, கோபம் இல்லை என்று சொல்லிக்கொண்டே எங்கள் ஆட்களை முதல் பத்தியிலேயே ஒரு தட்டு தட்டிவிட்டீர்கள்.

ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா படித்துத்தான் எங்கள் வீட்டில் மூணு பேருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வந்தது. அப்பா ஹார்பர் ஷிப்டு முடிந்து வரும்போது சட்டைப் பையில் ஒன்று மடங்கி இருக்கும். வாடகை நூலகத்தில் எடுத்தது, பின்னட்டை கிழிந்தது, சில சமயம் கடைசிப் பக்கமே இல்லாதது. அந்தக் கடைசிப் பக்கத்துக்காக இன்னொரு கடை தேடி அலைந்திருக்கிறோம்.

கொலை, கண்டுபிடிப்பு, கைது என்று முடிப்பது சோம்பேறித்தனம் இல்லை. நிஜத்தில் ஒரு கேஸ் முடிய வருஷக்கணக்கு ஆகும், முடிந்தாலும் என்ன முடிந்தது என்று யாருக்கும் புரியாது. தொண்ணூறு பக்கத்தில் தப்பு செய்தவன் மாட்டுகிறான் என்றால் அதற்குக் காசு கொடுக்க ஆள் இருக்கத்தான் செய்யும். நேற்று வந்த பழக்கமும் இல்லை இது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று நூறு வருஷமாக ஓடுகிற வண்டி. எங்களுக்கும் அப்புறம் என்ன என்று தெரியும் அண்ணே. தெரிந்துதான் மறக்கப் படிக்கிறோம்.

புளியந்தோப்பு கோல்கீப்பர்:

முதலில் எனக்கு ஒன்று புரியவில்லை. வடசென்னைக்காரர்கள் நாவல் பேச உட்கார்ந்தால்கூட வெட்டு, குத்து, சரண்டர்தானா? சினிமாக்காரன் காட்டுவதை நாமே ஏன் எழுதிக் கொடுக்கிறோம்? எங்கள் தெருவில் கேரம் ஆடி வெளிநாடு போனவர்கள் இருக்கிறார்கள். வியாசர்பாடியில் சனி ஞாயிறு கிரவுண்டில் போய்ப் பாருங்கள், எத்தனை பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள் என்று. நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், ஒரு கொலையை நேரில் பார்த்ததில்லை. ஆனால் வேலைக்கு இன்டர்வியூ போனால் முகவரியைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாவல் எழுதச் சொல்லுங்கள்.

வியாசை வாசகன்:

கோல்கீப்பர் தம்பி, அந்தச் சிரிப்பும் இந்த இழைக்குள் வருகிற விஷயம்தான். எவனோ செய்ததற்கு முகவரி தண்டனை அனுபவிக்கிறது. சினிமா காட்டுவது வெட்டுகிற கையை. வெட்டாத, வெட்டுப்படாத மற்ற எல்லாரையும் பற்றிப் பேசலாம் என்றுதான் கூப்பிடுகிறேன்.

கட்டு தூக்கி:

நான் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா. ஜார்ஜ் டவுன், எழும்பூர், ஹைகோர்ட் வளாகம் என்று கேஸ் கட்டு தூக்கிக்கொண்டு நடப்பதே பிழைப்பு. நாவல் படிப்பது வராண்டாவில், பெயர் கூப்பிடும் வரைக்கும்.

எழுத்தாளர்களில் பாதிப் பேர் தீர்ப்போடு கதையை முடிக்கிறார்கள், மீதிப் பேர் கைதோடு. கைதுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே ஓடுவது அவர்கள் கண்ணில் படுவதில்லை. கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை என்றால் உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்கலாம், அது அவருடைய உரிமை. அந்த நாள் நெருங்க நெருங்க ரெண்டு தரப்பு வீட்டிலும் தூக்கம் இருக்காது. ஒரு வீட்டில் காலண்டரில் வட்டம் போட்டிருப்பார்கள், இன்னொரு வீட்டில் அதே தேதிக்கு ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். ஜாமீனில் வந்தால் தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து. கையெழுத்துப் போடப் போகிற வழியில் வைத்துத்தான் திருப்பிச் செய்வார்கள் என்று பயந்து, கூடவே அக்கா தங்கச்சிகள் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். பெண்கள் கூட வந்தால் மேலே கை வைக்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

என் தொழிலுக்கு நெருக்கமான நாவல் டால்ஸ்டாயின் 'புத்துயிர்ப்பு'. 1899. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்ப்பில் பழைய மாஸ்கோ பதிப்பு என்னிடம் இருக்கிறது. அதில் மாஸ்லவா என்ற பெண் மேல் விஷம் வைத்த வழக்கு. ஜூரியில் உட்கார்ந்திருக்கிற எல்லாரும் அவள் கொல்ல நினைக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்கள். எழுதும்போது திருடும் நோக்கம் இல்லை என்று மட்டும் எழுதிவிட்டு, கொல்லும் நோக்கம் இல்லை என்பதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் களைப்பு, வீட்டுக்குப் போகிற அவசரம். அவளுக்கு நாலு வருஷம் சைபீரியாவில் கடும் உழைப்பு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நான் அன்றைக்குத் தாக்கல் செய்ய வேண்டிய மனுவை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன்.

இன்னொன்று, நாவலாசிரியர்களுக்குச் சும்மா தருகிறேன். நம் சட்டத்தில் முன்பெல்லாம் ஒருவர் விடுதலை ஆகிவிட்டால் செத்தவரின் குடும்பம் ரிவிஷன், அதாவது சீராய்வு மனு, போடலாம், அவ்வளவுதான். அப்பீல் அரசு போனால் உண்டு. குடும்பத்துக்கே அப்பீல் உரிமை வந்தது 2009 டிசம்பர் 31 முதல். அதுவரைக்கும் பிள்ளையைப் பறிகொடுத்தவர் தன் கேஸில் வெறும் சாட்சி. இதை வைத்து ஒரு நாவலும் நான் படித்ததில்லை.

தண்டையார்பேட்டை டீச்சர்:

குற்றம் என்றால் கொலைதானா? ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' இந்த இழையில் முதலில் வந்திருக்க வேண்டிய பெயர்.

1966இல் 'அக்கினிப் பிரவேசம்' கதையில் மழையில் முன்பின் தெரியாதவன் காரில் ஏறி, அவனால் கெடுக்கப்பட்ட பெண் அழுதுகொண்டு வருகிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று உள்ளே அழைத்துக்கொள்கிறாள். பெரிய சண்டையே நடந்தது அந்தக் கதைக்கு. அப்புறம் 1970இல் வந்த நாவலில் அதே சம்பவம், ஆனால் அம்மா கூச்சல் போட்டு ஊரைக் கூட்டிவிடுகிறாள். அண்ணன் வீட்டை விட்டுத் துரத்துகிறான். தண்ணீரை ஊற்றியிருந்தால் ஒரு வாழ்க்கை, ஊற்றாமல் போனதால் இன்னொரு வாழ்க்கை. செய்தவன் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான், கல்யாணம் குழந்தை குட்டி என்று இருக்கிறான். அந்தப் பெண் கங்கா படித்து, பெரிய வேலைக்குப் போய், தனியாக நின்று, அப்பவும் மாமாவின் பார்வையை முதுகில் தாங்கிக்கொண்டிருக்கிறாள். அந்த வெங்கட்ராம ஐயரைவிட அருவருப்பான மனிதர் எந்தக் க்ரைம் நாவலிலும் வந்ததில்லை. ஒரு கத்தி கிடையாது அவர் கையில், சட்டப் புத்தகமும் சாஸ்திரமும்தான்.

நான் பணிபுரிந்த ஒரு பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு மாணவிக்கு நடந்தது. பள்ளிக்கூடம் அவசர அவசரமாக டி.சி. கொடுத்து அனுப்பியது. பெயர் கெட்டுவிடும் என்றார்கள். யாருடைய பெயர் என்று கேட்டேன், பதில் இல்லை. அதனால் இந்த நாவலை நான் கதையாகப் படிப்பதே இல்லை.

கரிசல் டு கொடுங்கையூர்:

நான் கோவில்பட்டிப் பக்கம். பிழைப்புக்கு இங்கே வந்து செட்டிலானவன். 'வெக்கை' எங்கள் ஊர்க் காற்று, அதைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டால் சந்தோஷம்தான். ஆனாலும் வாசகன் அண்ணாச்சி போட்ட அளவுகோலை வைத்தே ஒன்று கேட்கிறேன்.

வடக்கூரான் வீட்டில் யார் இருந்தார்கள்? அவன் பெண்டாட்டி அன்றைக்கு ராத்திரி என்ன செய்தாள்? அவன் பிள்ளைக்கு யார் சோறு போட்டார்கள்? நாவல் அந்த வீட்டு வாசலை மிதிக்கவே இல்லை. வடக்கூரான் கெட்டவன், நிலத்துக்காகக் கொலை செய்யச் சொன்னவன், சரி. செத்த அண்ணனுக்காக நாம் அழுகிறோம், அதுவும் சரி. தண்ணி லாரியில் ரெண்டு வீட்டுக் குடமும் நிற்கும் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். 'வெக்கை'யில் ஒரு வீட்டுக் குடம்தான் இருக்கிறது.

ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' இதைவிட மோசம். 1942. கடற்கரையில் ஒருத்தனைச் சுட்டுக் கொல்கிறான் மெர்சோ. செத்தவனுக்குக் கடைசி வரை பெயரே கிடையாது, அரபு என்றே போகிறது. கோர்ட்டில்கூட அவனைப் பற்றிப் பேச்சு இல்லை, மெர்சோ அம்மா சாவுக்கு அழவில்லை என்பதுதான் பெரிய குற்றம். எழுபது வருஷம் கழித்து 2013இல் கமெல் தாவுத் என்ற அல்ஜீரியர் அந்தச் செத்தவனுக்கு மூசா என்று பெயர் வைத்து, தம்பி ஹாரூன் சொல்லுவது போல ஒரு நாவல் எழுதினார். தமிழிலும் வந்திருக்கிறது. அதில் அம்மாக்காரி கொலைச் செய்தி வந்த பத்திரிகைத் துண்டுகளை மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிரெஞ்சு படித்த மகன் திரும்பத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். ரெண்டு மூணு வரிச் செய்தியில் என்ன இருக்கும்? அவன் இட்டுக்கட்டி நீட்டுகிறான். பிள்ளைக்கு அது ஒரு ஆயுள் தண்டனை மாதிரி. கொன்றவனுக்குக்கூட அவ்வளவு நீளமான தண்டனை இல்லை.

வியாசை வாசகன்:

கரிசல் அண்ணாச்சி கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் நான் 'வெக்கை'யை விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்த நாவல் பையனின் தோளை விட்டு இறங்குவதே இல்லை. அவன் போக முடியாத வீட்டுக்குள் பூமணி நம்மை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் அது எழுத்தாளரின் சலுகை ஆகிவிடும். வடக்கூரான் வீட்டுக் கதையை இன்னொருவர்தான் எழுத வேண்டும், தாவுத் எழுதினது போல. ஒரே ஆள் ரெண்டு குடத்தையும் தூக்கினால் பெரும்பாலும் ரெண்டும் அரைக்குடமாகத்தான் வந்து சேர்கிறது.

தாஸ்தயெவ்ஸ்கிகூட இதில் மாட்டுகிறார் பாருங்கள். 'குற்றமும் தண்டனையும்' 1866. ரஸ்கோல்னிகவ் கொல்லப் போனது வட்டிக்காரக் கிழவியை. எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவள் தங்கை லிஸவெத்தாவையும் சேர்த்து வெட்டிவிடுகிறான். கிழவியைக் கொன்றது சரியா தப்பா என்று பக்கம் பக்கமாக மண்டையைக் குடைந்துகொள்கிறவன், ஒரு இடத்தில் அவனே கேட்டுக்கொள்கிறான், லிஸவெத்தாவை ஏன் நான் நினைப்பதே இல்லை, நான் அவளைக் கொல்லவே இல்லை என்பது போல இருக்கிறதே என்று. தத்துவம் கிழவிக்குத்தான் ஒத்துப்போகிறது. தங்கச்சிக்கு அவனிடம் தத்துவம் இல்லை, அதனால் மறந்துவிட்டான். ஆனால் தாஸ்தயெவ்ஸ்கி மறக்கவில்லை. அப்புறம் சோனியா அவனுக்கு லாசரஸ் உயிர்த்தெழுந்த கதையை வாசிக்கிறாளே, அந்தப் புத்தகம் லிஸவெத்தா கொடுத்தது. செத்தவளின் புத்தகத்திலிருந்துதான் கொன்றவனுக்கு வாசிக்கப்படுகிறது. முதல் வாசிப்பில் நிறையப் பேர் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ராயபுரம் பாக்கெட் நாவல்:

இப்படி ஒரு க்ளூவை எங்கள் ஆள் வைத்திருந்தால் மலிவான உத்தி என்பீர்கள். ரஷ்யாக்காரர் வைத்தால் இலக்கியம். நடக்கட்டும்.

மூலக்கடை மலர்:

இங்கே படிப்பேன், எழுதினதில்லை. இதற்கு எழுதலாம் என்று தோன்றியது.

என் தம்பி ஒரு கேஸில் புழல் ஜெயிலில் இருந்தான். என்ன கேஸ், எந்த ஏரியா என்பதெல்லாம் வேண்டாம். இப்போது வெளியே வந்து வேலைக்குப் போகிறான். நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி.

ஜெயிலில் மனு போட்டு அவனைப் பார்க்கப் போகிற நாளில் அம்மா இருக்கிறதிலேயே நல்ல புடவையாக எடுத்துக் கட்டும். தலைக்குப் பூ. கேட்கிறவர்களிடம், பெரியபாளையம் போறேன், பவானி அம்மனுக்கு வேண்டுதல் என்று சொல்லும். புழலுக்கும் பெரியபாளையத்துக்கும் ஒரே வழி, பஸ் ஸ்டாப்பில் யார் பார்த்தாலும் தெரியாது என்று அதற்கு நினைப்பு. தெருவில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அந்த ஆயாதான் சாயங்காலம் வந்து, அம்மன் குங்குமம் எங்கே என்று கை நீட்டும். கிண்டலா, இல்லை அம்மாவின் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. அதனால் அம்மா திரும்பி வரும்போது வழியில் இறங்கிக் குங்குமப் பாக்கெட் வாங்கும். பேப்பரைச் சின்னச் சின்னதாகக் கிழித்து, கோயிலில் தருவது போலவே மடித்து, மடியில் வைத்துக்கொள்ளும்.

உள்ளே பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். இந்தப் பக்கம் எல்லாரும் கத்த, அந்தப் பக்கம் எல்லாரும் கத்த, அம்மா கேட்பது சாப்டியா. அவன் கேட்பது வக்கீல் வந்தாரா. ஏன்டா செஞ்சே என்று அது ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்குக் கேட்க ஆசை. கேட்கவிடாமல் என் கையைப் பிடித்துக்கொள்ளும்.

எம்.ஏ. சுசீலா மொழிபெயர்த்த 'குற்றமும் தண்டனையும்' நூலகத்தில் எடுத்துப் படித்தேன். நடுவில் வருகிற பெரிய பெரிய விவாதம் எல்லாம் எனக்கு நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பையனின் அம்மா வருகிற பக்கங்கள் நிற்கிறது. பிள்ளை தூரத்துக்குப் போயிருக்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தம்மா எதுவும் கேட்பதில்லை. அவன் பத்திரிகையில் எழுதின கட்டுரையை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுப் படிக்கிறாள், கடையில், தெருவில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் என் பிள்ளை எழுதினது என்று காட்டுகிறாள். அந்தக் கட்டுரையே கொலைக்கு நியாயம் சொல்லுகிற கட்டுரை, அது வேற. அப்புறம் ஒருநாள் அவன் வருகிற நேரம் ஆச்சு என்று தானே ஒரு கணக்குப் போட்டு, ரூமைச் சுத்தம் செய்து, திரைச்சீலை மாற்றி, படுத்தவள் ஜுரத்தில் போய்விடுகிறாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது ஜன்னியில் பிதற்றும்போதுதான் மற்றவர்களுக்குப் புரிகிறது.

எங்கள் அம்மாவிடம் அந்தப் பக்கங்களை மட்டும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, அந்தப் பொம்பளைக்குப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, அது கூட இல்லையா என்று கேட்டது. இருந்தது என்றேன். அப்ப ஏன் செத்தா என்று கோபமாகக் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

புளியந்தோப்பு கோல்கீப்பர்:

அக்கா, நான் மேலே எழுதினதை உங்களை மனதில் வைத்து எழுதவில்லை. என் கோபம் வேற இடத்தில். இதைத்தான் யாரும் படமாக எடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

காசிமேடு கடலோடி:

எல்லாரும் அப்புறம், அப்புறம் என்றே பேசுகிறீர்கள். எனக்கு முந்தின நாள் பற்றி ஒரு சந்தேகம்.

மார்க்வெஸின் 'முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்', 1981. சந்தியாகோ நாஸாரைக் கொல்லப்போகிறோம் என்று அந்த இரட்டைப் பிள்ளைகள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். பால்கடையில் உட்கார்ந்து கத்தியோடு காத்திருக்கிறார்கள். யாராவது வந்து தடுத்துவிட மாட்டார்களா என்பதுதான் அவர்கள் ஆசை என்று கடைக்கார அம்மாவுக்கே புரிகிறது. ஊர்த் தலைவராக இருக்கிற கர்னல் வந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, போய்ப் படுங்கள் என்று அனுப்பிவிடுகிறார். அவர்கள் வேற கத்தி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். கடைசியில் மகன் உள்ளே வந்துவிட்டான் என்று நினைத்து அம்மாவே முன்வாசல் கதவைத் தாழ் போடுகிறாள். அவன் வெளியே இருந்திருக்கிறான். இருபத்தேழு வருஷம் கழித்துக் கதை சொல்லுகிறவர் வந்து விசாரித்தால், ஊரில் ஆளாளுக்கு ஒரு காரணம் வைத்திருக்கிறார்கள், தான் ஏன் சொல்லாமல் விட்டோம் என்று.

வாசகன் அண்ணே, உடல் ஸ்டான்லி போகிறதுக்குள் டீக்கடையில் பெயர் தெரியும் என்றீர்கள். முந்தின நாளே தெரியாதா?

கட்டு தூக்கி:

தெரியும். சில சமயம் தேதியே தெரியும். வெட்டுப்பட்டவனின் நினைவு நாள் வந்தால் போலீஸே தெருமுனையில் வந்து உட்காருகிறது, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எத்தனை ஒட்டியிருக்கிறார்கள் என்று எண்ணுகிறது. தடுக்கச் சட்டமும் இருக்கிறது. 1982 வருஷத்துக் குண்டர் சட்டம், விசாரணையே இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கலாம். ஆனால் அது அந்தக் கர்னல் கத்தியைப் பிடுங்குகிற கதைதான். கத்தி வேற கிடைக்கும்.

சாட்சிகளைப் பற்றியும் இதையே சொல்லலாம். கூண்டில் ஏறி, நான் பார்க்கவில்லை, போலீஸ் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பிறழ்ந்து போகிறவரை எல்லாரும் திட்டுகிறார்கள். அவர் அன்றைக்குச் சாயங்காலம் அதே தெருவுக்குத்தான் திரும்பிப் போகணும். அவரை நாயகனாக வைத்து எழுதினால் முதல் பிரதி நான் வாங்குகிறேன்.

வியாசை வாசகன்:

கடலோடி கேட்டதற்குக் கட்டு தூக்கி சார் பதில் சொல்லிவிட்டார். எனக்கும் தெரிந்த வீடுகள் இதில் இருப்பதால் நான் அதற்கு மேல் எழுதவில்லை.

வேறொரு விஷயம் கேட்கணும். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று ஒரு அரங்கு போட்டுக் கைதிகளுக்காக வருகிறவர்களிடம் புத்தகம் தானமாக வாங்கினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அது மாதிரி ஒரு பெட்டி உங்கள் முன்னால் இருந்தால் இந்த இழையில் பேசிய எந்த நாவலைப் போடுவீர்கள்? 'குற்றமும் தண்டனையும்' போடலாமா? எனக்குக் கை தயங்குகிறது. வெளியே இருக்கிறவன் உள்ளே இருப்பவனுக்கு, நீ வருந்து என்று சொல்லி அனுப்புகிற மாதிரி ஆகிவிடுமோ என்று.

தண்டையார்பேட்டை டீச்சர்:

என்ன தயக்கம்? உள்ளே இருப்பவர்களுக்கு நாலும் படிக்க உரிமை உண்டு. இது புண்படுத்தும், இது படுத்தாது என்று நாம் ஏன் சலித்து அனுப்ப வேண்டும்? நான் ஜெயகாந்தனைப் போடுவேன். பெண்களுக்கான தனிச்சிறை புழலிலேயே இருக்கிறது, அங்கேயும் ஒரு பிரதி போகட்டும்.

கரிசல் டு கொடுங்கையூர்:

'வெக்கை'யைப் போடலாம். அதில் யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை.

மூலக்கடை மலர்:

என் தம்பி 'குற்றமும் தண்டனையும்' படித்தான். உள்ளே இல்லை, வெளியே வந்த பிறகு, நான் வைத்திருந்ததை எடுத்து. முழுசாகப் படித்தானா என்று தெரியாது, கடைசிப் பகுதியைப் படித்திருக்கிறான். அதில் சைபீரியா ஜெயிலில் மற்றக் கைதிகளுக்கு ரஸ்கோல்னிகவைப் பிடிக்காது. நீ பெரிய இடத்துப் பிள்ளை, கோடாலி எடுத்துக்கொண்டு போகிற வேலை உனக்கு எதுக்கு என்று கேட்பார்கள். அந்தப் பக்கத்தைக் காட்டி, இது கரெக்ட்டு என்றான். உள்ளே காலேஜ் பையன் ஒருத்தன் இருந்தானாம், எதற்கெடுத்தாலும் காரணம் சொல்லுவானாம், யாரும் அவனோடு சேர்ந்து சாப்பிட மாட்டார்களாம். வேற எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெட்டியில் என்ன போடலாம் என்று அவனிடமே கேட்டேன். க்ரைம் நாவல் போடச் சொன்னான். அங்கே கைமாறிக் கைமாறி வரும்போது கடைசிப் பக்கம் இருக்காதாம், அதனால் புதுசாகப் பார்த்துப் போடணுமாம்.

ராயபுரம் பாக்கெட் நாவல்:

அக்கா, தம்பிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவுடைய ரெண்டு கட்டு ராஜேஷ்குமார் இருக்கிறது. கடைசிப் பக்கம் இருக்கிறதை எல்லாம் தனியாகப் பிரித்து வைக்கிறேன். எங்கே கொண்டு வந்து கொடுக்கணும் என்று கட்டு தூக்கி சார் விசாரித்துச் சொல்லுங்கள். டீச்சரம்மா, உங்கள் ஜெயகாந்தனையும் கொடுத்தனுப்பினால் ஒரே ஆட்டோவில் போட்டுவிடலாம்.